வெள்ளிக்கிழமை வைன்

ஆட்டிறைச்சிக் கறித் தட்டின் மேல் முகம் கவிழ்ந்து கிடந்தான் நிசாந்தன்.

இல்ஃபோர்ட் வீடு. வெள்ளிக்கிழமை மத்தியானம்.

மனைவி சுவர்ணா அலறவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். விலாசம் சொன்னாள். அடுப்பை அணைத்தாள். அவ்வளவுதான்... கை கால் வேலை செய்தன. மனசு மரத்துப் போயிருந்தது.

ஆம்புலன்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கூடப் போகக் கிளம்பியவளைப் போலீஸ் நிறுத்திவிட்டது!

இப்போது சாயங்காலம். எதிரே பிரிட்டிஷ் போலீஸ் டிடெக்டிவ் வாசுதேவன். பூர்வீகம் திருச்சி.

"தூக்க மாத்திரையா இருக்கும்னு டாக்டருங்க சந்தேகப்படறாங்கம்மா. எதுலயோ கலந்து குடுத்திருக்காங்க. பிழைக்கிறது கஷ்டமாம். கறி யார் சமைச்சது?"

"நான்தான்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லை. வெள்ளிக்கிழமை விரதம். உப்புக்கூடப் பாக்கேல்லை."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தானே வலியப் போய் மாட்டிக்கொண்டாள். பயப்பட வேண்டும் என்று நினைத்தாள். பயம் வரவில்லை.

பக்கத்தில் நின்ற பிரதாபன் மூக்கை உறிஞ்சினான். நிசாந்தனின் தம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன். டூட்டிங்கில் இருவரும் சேர்ந்து சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். அதை விற்கப் போவதாக நிசாந்தன் போன வாரம்தான் சொல்லியிருந்தான்.

"அண்ணியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருகுதில்லை சேர். ஆனா கறியைச் சாப்பிட்டது அண்ணை மட்டும்தான். வெள்ளிக்கிழமையில நான் மச்சம் தொடமாட்டன்."

"மச்சமா?"

"இறைச்சி, மீன்."

"ஆனா வைன் ஓகே?"

"ஓம், அது நான்தான் கொண்டு வந்தனான். போர்த்துக்கல் சிவப்பு. ஒரே போத்தல், ரெண்டு பேரும் குடிச்சனாங்கள். எனக்கு ஒண்டும் ஆகேல்லையே."

நியாயமான கேள்வி.

வாசுதேவன் போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"திறந்தே கொண்டு வந்தீங்களா?"

"ஓம் சேர். இதுக்குக் காத்துப் படவேணும். முன்னமே திறந்து வைச்சாத்தான் வாசம் வரும்."

"கரெக்ட். எப்படி இருந்துச்சு?"

"பால் மாதிரி இறங்கிச்சு."

வாசுதேவன் முகம் மலர்ந்தது. மனுஷனுக்கு வைன் என்றால் உயிர். வீட்டில் விடுவதில்லை, பாவம்!

"தம்பி, இது போர்த்துக்கல்ல அலென்டேஜோ பக்கத்துச் சரக்கு. தனியாக் குடிச்சா பச்சை வாழைக்காயைக் கடிச்ச மாதிரி துவர்க்கும். கொழுப்புள்ள ஆட்டுக்கறி வாயில இருந்தாத்தான் அந்தத் துவர்ப்பு அடங்கும். கறியே தொடாத உங்களுக்கு எப்படிப் பாலா இறங்குச்சு?"

"எனக்கு... எனக்குப் பழகிட்டுது சேர்."

"சரி. நாக்கை நீட்டுங்க."

"என்ன?"

"நாக்கு."

சுவர்ணா நிமிர்ந்தாள்.

பிரதாபனின் நாக்கு தயங்கித் தயங்கி வெளியே வந்தது. இளஞ்சிவப்பு. கைக்குழந்தையின் நாக்கு தோற்றது!

"உங்க அண்ணன் நாக்கு நாவல்பழம் தின்ன மாதிரி ஊதாவா இருந்துச்சாம். இந்தத் திராட்சைக்குத் தோல் கறுப்பு, சதையும் சிவப்பு. அந்தச் சாயம் லேசுல போகாது. உங்க கிளாஸ்ல இருந்தது எங்க போச்சு? சிங்க்குக்கா? மாத்திரையைக் கலந்தது இந்தப் போத்தல்லதானே?"

பிரதாபன் வாயை மூடினான். பிறகு மெல்லத் திறந்தான்.

"கடையை வித்துப்போட்டு என்னை எங்க போகச் சொல்றார்? என்ர சீவியமே அந்த அடுப்படியிலதான் சேர்."

கைவிலங்கு மாட்டினார்கள்.

"என்னை மாட்டிவிடவும் உனக்கு மனம் வந்ததே, தம்பி?" சுவர்ணா கேட்டாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. அழ வேண்டும் போலிருந்தது. கண்ணீர் வரவில்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான்.

வாசுதேவனின் போன் அடித்தது. காதில் வைத்தார். முகம் மாறியது.

சுவர்ணா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கோ சேர். ஆள் முடிஞ்சுதோ?"

"இல்லம்மா. கண் முழிச்சுட்டார். பிழைச்சுக்குவாராம்."

"எப்படிச் சேர்?"

"கறி வர்றதுக்கு முன்னாடியே வைனைக் குடிச்சிருக்கார். துவர்ப்புத் தாங்காம அரை கிளாஸோட தள்ளி வெச்சுட்டாராம். கறியோட குடிச்சிருந்தா முழு போத்தலும் இறங்கியிருக்கும். ஆளும் போயிருப்பார்."

அப்போதுதான் அழுகை வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள் சுவர்ணா.

வாசுதேவன் தலையைச் சொறிந்தார்.

"இன்னொண்ணும் சொன்னாராம். கறியை எடுத்து வெக்கணுமாம். வந்து சாப்பிடறாராம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாக எழுந்தாள். "ஓம் ஓம், இப்பவே ஒரு சட்டியில எடுத்து வைக்கிறன்."

"தொடாதீங்கம்மா. உங்க கறி இப்ப போலீஸ் கஸ்டடியில இருக்கு."