கன்னத்துச் சிவப்பு

விலகல்மானி மூன்றாம் முறையும் சந்தனமாரியின் படத்தைத் தள்ளியது. கன்னத்தில் சிவப்பு அதிகம்.

ஒளிப்படத்தை யாரும் நம்பாத காலம் அது. இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டும் பொய்ப்படக் கருவி எல்லார் வீட்டிலும் இருந்தது. ஒருவர் இன்னார்தான் என்பதற்கு, மனிதக் கை எதிரே உட்கார்ந்து தீட்டிய எண்ணெய்ச் சித்திரம் மட்டுமே சாட்சி. அடுக்கடுக்காகப் பூசி வாரக்கணக்கில் காய்ந்த வண்ணத்தை எந்தக் கருவியாலும் போலி செய்ய முடியவில்லை. மருத்துவமனை, வங்கி, ரயில் நிலையம் எங்கும் முகவாயில்கள் நின்றன. பதிவான சித்திரத்தோடு முகம் ஒத்துப்போனால் கதவு திறக்கும்.

அந்தச் சித்திரத்தைத் தீட்ட உரிமம் வேண்டும். அதற்கு ஒரே தேர்வுதான். மூலப்படத்தை அப்படியே நகலெடுக்க வேண்டும். யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் பழைய சித்திரம் அது. நகல் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று விலகல்மானி அளக்கும்.

"சார், இந்தப் பொம்பள கன்னத்துல சிவப்பு இருந்திருக்கு. வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துப்போச்சு. அடியில பூசின பச்சைதான் இப்பத் தெரியுது," என்றாள் தேர்வாளரிடம்.

"எனக்குத் தெரியாதாம்மா? மெஷினுக்குத் தெரியாதே. அதுக்கு ஏத்த மாதிரி போடு, போ."

நான்காம் முறை சிவப்பை விட்டுவிட்டாள். தேறினாள்.

முதலில் தீட்டியது கணவன் இசக்கியை. உப்பு லாரி ஓட்டுகிறவன். காய்ந்த படத்தை அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"ஏட்டி, ஒரு மாலையும் போட்டுட்டா வேலை முடிஞ்சிரும்."

"சும்மா இரிங்க. எல்லாப் படத்தையும் அந்த மூலப்படத்து நிறத்த வச்சுத்தான் மெஷின் பாக்கும். சிவப்பு வச்சா பதிவாகாது."

"அப்ப நான் கோவப்பட்டா?"

"கோவப்படாதீங்க."

ஊரே அப்படித்தான் இருந்தது. முகம் சிவந்தால் கதவு திறக்காது என்று முகவாயில் முன்னால் யாரும் சிரிப்பதில்லை, ஓடி வருவதில்லை.

மழைக்காலம் முடியும்போது இசக்கிக்குக் காய்ச்சல் கண்டது. நிற்க முடியாமல் போனதும் ஆட்டோவில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தாள். அவன் மாநிறக் கன்னத்தில் காய்ச்சல் செம்பு நிறமாக ஏறியிருந்தது. கதவு திறக்கவில்லை.

"காய்ச்சல் எறங்கட்டும்மா, தானா தொறந்திரும்," என்றான் காவலாளி.

"காய்ச்சலுக்குத்தானே வந்திருக்கோம்?"

"கதவு எங்கையில இல்லையே."

"இவர் என் வீட்டுக்காரர். அந்தப் படத்தப் போட்டதே நான்தான்."

"அப்ப ஒழுங்காப் போட்டிருக்கணும்."

புதுப்படம் தீட்டலாம். அது காயும்வரை இவன் இருக்க மாட்டான்.

இசக்கியின் கண் மேலே செருகியது. சந்தனமாரி படிக்கட்டில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தோள்பையைத் திறந்தாள். மண்பச்சை, வெள்ளை, துளி காவி. எவ்வளவு கலக்க வேண்டும் என்று கை யோசிக்கவில்லை. வாயிலின் திரையில் அவள் தீட்டிய படம் தெரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவன் முகத்தில் பூசினாள். கன்னம், மூக்கு நுனி, காது மடல். தூரிகைக்குக் கீழே தோல் சுட்டது.

"கூசுதுட்டி," என்று முனகினான்.

"அசையாதீங்க."

தூக்கி நிறுத்தினாள். திரையில் எழுத்து மாறியது. விலகல்: சுழியம். தேர்வில்கூட அவளுக்கு அது கிடைத்ததில்லை.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து தள்ளுபடுக்கையோடு ஓடிவந்த இருவர் அவனை வாங்கிக்கொண்டார்கள். பின்னாலேயே போகக் காலெடுத்தவளின் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண்.

"எக்கா, அழுது அழுது இவன் மூஞ்சி செவந்துபோச்சு. இவனுக்கும் கொஞ்சம் பூசி விடுங்க."

அவளுக்குப் பின்னால், கதவு திறக்காமல் வரிசையில் நின்றவர்கள், யாரும் சொல்லாமலேயே, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.