மகாராணி துப்பிய மருந்து

மழைக்கு ஒதுங்க அவன் குதிரை லாயத்துக்குள் நுழைந்ததும், மகாராணி துப்பியதும் ஒரே நேரத்தில் நடந்தது. வெள்ளைப் பசையான வயிற்றுப் பூச்சி மருந்து, பாதி மென்ற புல்லோடு அவன் சட்டையில் அப்பிக்கொண்டது.

மகாராணி என்ற அந்தக் குதிரையின் கயிற்றைப் பிடித்திருந்தவள் நிமிர்ந்தாள். எதிரே நின்றவன் ஊருக்குப் புதிதாக வந்த கால்நடை டாக்டர்... விடிய விடிய ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்த களைப்பு கண்களில். அவளுக்கும் அதே களைத்த கண்கள்தான்.

"வாயில புல்லோட மருந்து குடுத்தா துப்பத்தான் செய்யும்" என்றான்.

"ஒதுங்க வந்தவங்க ஒதுங்கி நிக்கணும்."

"நின்னேன்... உங்க குதிரைதான் விடல."

மருந்துக் குழலோடு நின்ற அவள் அப்பாவுக்கு முகம் சுண்டியது. நேற்றுப் படித்து வந்தவனிடம் நான் பாடம் கேட்பதா என்று முணுமுணுத்தார். பல தடவை மருந்து கொடுத்தும் மகாராணி விலா எலும்பு தெரிய இளைத்துப் போயிருந்தாள். வயசாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வியாபாரி ஓட்டிப் போகட்டும் என்பது அவர் முடிவு. மகள் புட்டிப்பால் ஊட்டி வளர்த்த குதிரை அது.

மறுநாள், அப்பாவுக்குத் தெரியாமல், மகாராணி புதிதாகப் போட்ட லத்தியை மூடி போட்ட டப்பாவில் எடுத்துக்கொண்டு அவள் அவனுடைய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் அதை உப்புத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினான். புழுவின் முட்டை லேசானது, அதனால் மிதந்து மேலே வரும் என்றான். களைப்பிலும் குரலில் ஓர் ஆர்வம்... அந்த முட்டைகள் லத்தியோடு வெளியே விழும், பொரிந்த குஞ்சுப் புழுக்கள் மழை ஈரத்தைப் பிடித்துப் புல்லில் ஏறும், மேயும் குதிரையின் வயிற்றுக்கே திரும்பிப் போகும் என்று சொல்லிக்கொண்டே போனான். மழையை ரசிப்பதற்கு முன் மேய்ச்சல் தரையில் லத்தியை அள்ளிவிட வேண்டுமாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நுண்ணோக்கியில் குனிந்தாள். வட்டம் முழுக்க முட்டைகள். வயசு இல்லை... வயிறுதான். நிமிர்ந்தபோது அவன் முகம் வெகு அருகில் இருந்தது. இருவருமே சன்னலைப் பார்த்தார்கள்.

வீட்டில் உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு தடவையும் புல்லோடு மருந்து கொடுத்த தப்பு அப்பாவின் கையில் இருந்தது.

"அப்பா, இந்தத் தடவை வாயைக் கழுவிட்டு நானே குடுக்கறேன். அதுவரைக்கும் வியாபாரிய வர வேணாம்னு சொல்லுங்கப்பா."

அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மகாராணி முன் வைத்தார். அவள் அழைத்து வந்த டாக்டர் குதிரையின் மார்புச் சுற்றளவை அளந்து, எடைக்கு ஏற்ற மருந்தைச் சொன்னான். அவள் அதை நாக்கின் பின்பக்கம்வரை செலுத்த, விழுங்கும்வரை குதிரையின் தலையை உயர்த்திப் பிடித்திருந்தவர் அப்பாதான்.

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. நுண்ணோக்கியின் வட்டம் வெறுமையாக இருந்தது. லாயத்துக்கு வந்து சொன்னவன், போகாமல் நின்றான்.

"இனிமே நான் வர வேண்டிய வேலை இல்ல..."

அவள் லத்தி அள்ளிய முறத்தைக் கீழே வைத்தாள். உடம்பெல்லாம் வலி. தலைமுடியில் வைக்கோல்.

"எல்லார் முன்னாடியும் தெம்பா இருக்கற மாதிரியே நடிக்கறேன் டாக்டர். உங்க முன்னாடி மட்டும்... களைப்பா இருக்கறதுக்குக் கூச்சமா இல்ல. இதுக்கு என்ன பேர்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் வைக்கோல் கட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தான்.

"தெரியும். எனக்கும் அதேதான்... உங்களைப் பிடிச்சிருக்கு."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. லத்தி அள்ள இருவருமே எழுந்திருக்கவில்லை.