பதினாலுக்கு அப்புறம் பதினேழு

"இந்தப் படத்தோட பெரிய தப்பு அந்த முகமூடிதான்..."

தியேட்டர் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி நேரலையில் படத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள் அவள். விமர்சனம் கேட்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கத்திரி. அவளிடம் மாட்டிய படம் துண்டு துண்டாகத்தான் வெளியே வரும்.

"காமிக்ஸ்ல நீலச் சிறகன் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடியே அந்தக் கலங்கரை விளக்கத்துப் பொண்ணுகிட்ட முகமூடியைக் கழட்டிக் காட்டுவான். திரும்பி வருவானான்னு அவனுக்கே தெரியாது. அந்த நிமிஷம்தாங்க கதையே. படத்துல ஜெயிச்சு முடிச்சு, சாவகாசமா வந்து கழட்டுறான். புக்கை யாராவது புரட்டியாவது பாத்தாங்களா?"

"புக்லயும் ஜெயிச்ச பிறகுதாங்க கழட்டுவான்" என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினாள். குடையை மடக்கியபடி ஒருவன். இமைகளில் மழைத்துளி... அதற்குக் கீழே, வம்புக்கு வந்தவனுக்குப் பொருந்தாத சாந்தமான கண்கள். சொல்ல வந்தது அவளுக்கு மறந்தே போனது. கத்திரிக்கு அப்படி நேர்ந்ததே இல்லை. அந்த எரிச்சலையும் சேர்த்து அவன்மேலேயே கொட்டினாள்.

"நீங்க எந்தப் புக்கைப் படிச்சீங்க? பாடப் புத்தகமா?"

"அதே புக்தான், கிளினிக்ல வெச்சிருக்கேன். பக்கத்துத் தெருவுல பல் டாக்டர் நான். நாளைக்கு உங்க புக்கையும் எடுத்துட்டு வாங்க, பாத்துடலாம்."

நேரலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை பேர் கேட்ட பிறகு போகாமல் இருந்தால் மானம் போய்விடும்.

போனாள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் அலமாரி நிறையப் பழைய காமிக்ஸ். அவன் இரண்டு புத்தகங்களையும் அருகருகே விரித்தான். அவளுடையது சின்ன வயதில் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய பிரதி. மூலைகள் எல்லாம் மழுங்கியிருந்தன.

"பக்க எண்ணைப் பாருங்க. பதினாலுக்கு அப்புறம் பதினேழு, பதினெட்டு. அதுக்கப்புறம்தான் பதினஞ்சு. அச்சகத்துல நடுத்தாளைத் திருப்பி மடிச்சு ஸ்டேப்ளர் பின் அடிச்சிட்டாங்க. அதனால முகமூடி கழட்டுறது முன்னாடி வந்து, சண்டை பின்னாடி போயிடுச்சு."

இத்தனை வருஷத்தில் அவள் பக்க எண்ணைப் பார்த்ததே இல்லை. அவன் சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவன் சிரிக்கவில்லை.

"பின்னைக் கழட்டித் தாளைத் திருப்பி வெச்சா சரியாயிடும். செஞ்சு தரட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம்" என்று விருட்டென்று எழுந்து நடந்தவள், வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள். புத்தகம் அங்கேயே கிடந்தது.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கைபேசியைத் திறந்தால் ஆளாளுக்கு ஒரே கேள்வி... 'அந்தக் குடைக்காரர் சொன்னது சரியா?' கிளினிக் எண்ணை அழுத்துவாள், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவாள். புத்தகத்தை அவன் சரிசெய்திருப்பானோ? ஜெயிப்போமா என்று தெரியாமலே மனதைத் திறந்து காட்டிய அந்த நீலச் சிறகனை நினைத்துத்தானே அவள் வளர்ந்தாள்... அவனையும் மற்றவர்களைப் போல ஆக்கிவிட்டால்?

"புக்குக்காகவா இந்த நடை நடக்கிற? தரை தேஞ்சிடும்டி" என்றாள் அக்கா.

"புக்குக்காகத்தான்."

"அப்ப நான் போய் வாங்கிட்டு வரேன்."

"வேண்டாம்."

"அதானே பாத்தேன்" என்று அக்கா சிரித்தாள்.

மறுநாள் பல்வலி என்று பொய் சொல்லி கிளினிக் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மேலே கண் கூசும் விளக்கு. முகமூடிக்கு மேலே அதே கண்கள்.

"இந்தப் பல்லா?" தட்டினான்.

"ம்."

"இதுவா?"

"ம்."

"எல்லாம் வலிக்குதுன்னா எதுவுமே வலிக்கலைன்னு அர்த்தம்."

அவளுக்கு முகம் சிவந்தது. "என் புக்கைச் சரி பண்ணிட்டீங்களா?"

"பின்னைக் கழட்டத்தான் உட்கார்ந்தேன். அதுக்கு முன்னாடி உங்க வரிசைல ஒரு தடவை படிச்சேன்..." அவன் விளக்கை அணைத்தான். "ஜெயிச்சுட்டு வந்து சொல்றதுக்கு என்னங்க தைரியம் வேணும்? உங்க புக்தான் நல்லா இருக்கு. அதை நான் தொடல."

பிறகு காதோரம் கை வைத்து முகமூடியைக் கழற்றினான்.

"நீங்க கத்திரி... வெட்டி விட்டாலும் விடுவீங்க. இருந்தாலும் உங்க புக் வரிசைப்படியே சொல்லிடறேன். அன்னைக்கு மழைல நீங்க திரும்பிப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

இந்தத் தடவை அவளுக்கு எரிச்சல் வரவில்லை. அதுவரை அலைந்துகொண்டிருந்த மனசு அந்த நாற்காலியில் அவளோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

"எனக்கும்தான்..." என்றாள் மெல்ல. "சாயங்காலம் தியேட்டர் வாசல்ல நேரலை போறேன். படம் சரி, என் புக்தான் தப்புன்னு சொல்லணும். குடையோட வர்றீங்களா?"

"வரேன். அன்னைக்கு மாதிரியே பின்னாடி நிக்கறேன்."

"இந்தத் தடவை பின்னாடி வேண்டாம்... பக்கத்துல நில்லுங்க."