உணவுக்குழாயில் விழுந்த ஓட்டை

காலை 6.20. ஐந்தாம் படுக்கையில் கிடந்த பேருந்து ஓட்டுநர் இறந்துபோனார். முந்தாநாள்தான் அவருடைய உணவுக்குழாயில் முளைத்திருந்த புற்றை, வாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்தி, உட்சுவரோடு சீவி எடுத்திருந்தார் பெரிய டாக்டர். ஓட்டை விழுந்து நெஞ்சுக்குள் சீழ் கட்டிவிட்டது. ஓட்டுநரின் மனைவி நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

9.15. பெரிய டாக்டரின் அறை. சுவர் முழுக்க அவரே. விருது வாங்கும் அவர், விருது கொடுக்கும் அவர். வந்த பெண் இன்ஸ்பெக்டரை உட்காரச் சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

"நர்ஸ் பண்ண தப்பு. வெட்டுறதுக்கு முன்னாடி உட்சுவருக்கு அடியில நீலத் திரவம் ஏத்தணும். மெத்தை மாதிரி உப்பி நிக்கும். அந்த நீலத்துக்குள்ளயே வெட்டினா தசையில கத்தி படாது. அவ வெறும் உப்புத்தண்ணியக் குடுத்துட்டா."

"நீலம் தெரியலன்னா ஏன் சார் வெட்டினீங்க?"

"உங்களுக்கெல்லாம் புரியாது." வீடியோவை ஓடவிட்டார்.

திரையில் புற்றைச் சுற்றி, வெட்டும் எல்லைக்காகச் சுட்டுவைத்த கரும்புள்ளிகள் ஏழு. அவற்றுக்கு வெளியே கத்தி நுழைந்தது. எங்கும் நீலமே இல்லை.

10.05. நர்ஸ் அழவில்லை, கொதித்தாள்.

"நீலம் கலந்துதான் குடுத்தேன் மேடம். பாதியில மெத்தை அமுங்கிருச்சு. இன்னொரு தடவை ஏத்தலாமா சார்னு ரெண்டு வாட்டி கேட்டேன். வாயை மூடுன்னாரு."

11.30. ஆய்வுக்கூடம். சீவி எடுத்த துண்டு அட்டையில் ஊசிகளால் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"இது அந்த டிரைவரோடதுதானா?"

"நானே சீட்டு ஒட்டினேன். முழுத் துண்டு, ஓரம்கூட விடுபடல" என்றார் ஆய்வுக்கூட டாக்டர்.

இன்ஸ்பெக்டர் லென்ஸோடு குனிந்து, அதன் விளிம்பை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார்.

பிற்பகல் 2.00. மறுபடியும் அதே அறை. நர்ஸும் உடன் நின்றாள்.

"டாக்டர், உங்க வீடியோவுல எத்தனை கரும்புள்ளி?"

"அதையெல்லாம் எவன் எண்ணுவான்?"

"நான் எண்ணினேன். ஏழு. டிரைவரோட துண்டுல பதினொண்ணு. நீங்க காட்டினது வேற யாரோடதோ பழைய படம். நீலம் ஏத்தினது, அமுங்கினது, இவங்க கேட்டும் நீங்க வெட்டினது எல்லாம் இருக்கிற நிஜப் படத்தை அழிச்சிட்டீங்க. அழிச்சதை எங்க கம்ப்யூட்டர் ஆளுங்க மீட்டுட்டாங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுது. கத்தி தவறினா விபத்துன்னு சொல்லலாம். படத்தை மாத்தி ஒரு பொண்ணு தலையில பழியைப் போடுறதுக்குப் பேரு பொறுக்கித்தனம்."

பெரிய டாக்டரின் முகம் தொங்கிப்போனது. நர்ஸ் பக்கம் திரும்பி இளித்தார்.

"நீயாவது எடுத்துச் சொல்லும்மா. நாம எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி."

நர்ஸ் அவரைத் தாண்டி நடந்தாள். வெளியே நின்ற காவலர்கள் உள்ளே வர வசதியாகக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.