எழுந்தால் நின்றுவிடும்

அது செவ்வாய்க்கிழமை என்றுதான் நினைவு. புதனாகவும் இருக்கலாம். போன் எத்தனை முறை அடித்தது என்பதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. சொன்னவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கோபிநாத் மூன்று என்றான். எடுக்காமல் உட்கார்ந்து எண்ணியவன் அவன். அவன் சொன்னதையே வைத்துக்கொள்வோம்.

மூன்று முறை அடித்தது.

மூன்று முறையும் அவன் எடுக்கவில்லை.

திரையில் சென்னிமலையின் பெயர். நேரம் ஏழு முப்பத்தைந்து. எடுத்தால் என்ன வரும் என்று கோபிநாத்துக்குத் தெரியும். வசவு. காலைச் சாயாவுக்கு முன்னால் வசவு வேண்டாம் என்று நினைத்தான்.

எட்டு மணிக்கு நான்காவது அழைப்பு. சென்னிமலையின் மனைவி கமலாத்தாள்.

எடுத்தான்.

"கோபி... உன்ற மெசினு அவரைத் தின்னு போட்டுதுடா!"

*

கோபிநாத்துக்குக் கொழிஞ்சாம்பாறையில் வெல்டிங் பட்டறை. கம்பெனியிலிருந்து வரும் மினி டிராக்டர் எல்லாத் தோட்டத்துக்கும் ஒத்துவராது. அதைத் தோட்டத்துக்குத் தகுந்தபடி வெட்டி, ஒட்டி, மாற்றிக் கொடுப்பது அவன் வேலை.

சென்னிமலையின் வண்டிக்குப் பத்து நாள் உழைத்திருந்தான். தென்னைக்கும் ஜாதிக்காய்க்கும் நடுவில் நுழைய வேண்டும் என்று பின்சக்கரங்களைத் திருப்பி மாட்டி அகலத்தைக் குறைத்தான். வண்டி முன்பக்கம் தூக்காமலிருக்க இரும்புக் கட்டிகள் வைத்தான். இலை கருகாமலிருக்கப் புகைக்குழாயைக் கீழே மடக்கினான். பின்னால் தென்னை மட்டையைத் தூளாக்கும் மெஷினை மாட்டினான்.

கடைசியாக ஒரு வேலை பாக்கியிருந்தது. சீட் சுவிட்ச்.

அந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பின்னால் மெஷின் சுற்றும்போது, ஓட்டுகிறவர் சீட்டை விட்டு எழுந்தால் என்ஜின் தானாக நின்றுவிடும். சென்னிமலைக்கு அது பெரிய தொல்லை. இறங்கிப் போய்த் தன் கையாலேயே மட்டையைத் திணிக்க வேண்டும், அதற்கு ஓர் ஆளை வைக்க முடியாது, அந்தச் சுவிட்சை அறுத்து விடு என்றார். அந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இரண்டு ஒயரை வெட்டி முறுக்கினால் தீர்ந்தது.

கோபிநாத் சரி என்று தலையாட்டினான். திங்கட்கிழமை மாலை வண்டியை வண்ணாமடைத் தோட்டத்தில் இறக்கினான். அறுத்தாச்சுங்க என்றும் சொன்னான்.

அறுக்கவில்லை!

இரண்டு வருடத்துக்கு முன்னால் அமிர்தநாதன் என்பவருக்கு அறுத்துக் கொடுத்திருந்தான். அமிர்தநாதன் இப்போது இடது கையால் சாயா குடிக்கிறார். பட்டறைக்கு எதிர்க்கடையில். தினமும்.

மறுநாள் காலையில் சென்னிமலை எழுந்ததும் வண்டி நிற்கும், திட்டிக்கொண்டு போன் செய்வார், அப்போது எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

அவர் போன் செய்தார்.

இவன் எடுக்கவில்லை.

*

எஸ்.ஐ. ஜோமோன் நிதானமான மனிதர். கோட்டயத்துக்காரர். வண்ணாமடைக்கு வந்து மூன்று வருடத்தில் கேட்கக் கேட்க ஒரு தமிழ் கற்றிருந்தார்.

"கோபிநாத்தே, சுவிட்ச் அறுத்தது நீதானே? நேத்து சாயங்காலம் அந்த ஆள் சாயாக்கடை முழுக்கப் பெருமை பறஞ்ஞிருக்கு. இன்னிக்குக் காலையில் மெஷினில் தோள்துண்டு மாட்டியிருக்கு. துண்டோட ஆளும் போயாச்சு. சுவிட்ச் இருந்தா மெஷின் ஓடியிருக்குமா?"

அறுக்கவில்லை என்று சொல்லக் கோபிநாத் வாயைத் திறந்தான். மூடினான்.

செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்ன பட்டறைக்காரன் என்று பெயர் வாங்கினால் அந்த வட்டாரத்தில் ஒரு கடப்பாரைகூட வளைக்க வராது. அதை விட, அந்த மூன்று அழைப்புகள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தன. அவன் இயல்பே அப்படி. எதையும் உள்ளே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன்.

ஜோமோன் விளக்கினார். வண்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சுவிட்ச் அறுந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். கவனக்குறைவால் மரணம். பட்டறைக்குச் சீல். கோபிநாத்துக்கு ஜெயில். அதுவரை ஜாமீனில் இருக்கலாம், ஊரை விட்டுப் போகக் கூடாது.

ஸ்டேஷன் முற்றத்தில் பிடித்து வைத்த மணல் லாரிகள் நிறைந்திருந்ததால் டிராக்டரைத் தோட்டத்துக் கொட்டகையிலேயே விட்டு, சுற்றி ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வரவில்லை. மீட்டிங்.

வியாழக்கிழமை வரவில்லை. உள்ளூர்த் திருவிழா, லீவு.

வெள்ளிக்கிழமை கோபிநாத்தே ஆபீசுக்கு நேரில் போனான். ஜீப் பழுதாம். வண்டி இன்ஸ்பெக்டருக்கு வண்டி இல்லை. "நான் வேணா ரெடி பண்ணித் தர்றேனுங்க" என்றான். உன் கை பட்ட வண்டியில் யார் ஏறுவது என்று கிளார்க் கேட்டார்.

பூட்டிய பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்தான். எதிர்க்கடையில் அமிர்தநாதன் இடது கையால் சாயாவை ஆற்றினார். இந்த உலகத்தில் ஒரு சுவிட்சை அறுத்தாலும் தப்பு, அறுக்காவிட்டாலும் தப்பு. கோபிநாத் பல்லைக் கடித்தான்.

அப்போதுதான் யோகப்பிரியா வந்தாள்.

*

யோகப்பிரியா சென்னிமலையின் மருமகள். புருஷன் மஸ்கட்டில். தோட்டத்தின் ஒரு மூலையில் ஒட்டுக்கன்று நர்சரி வைத்திருந்தாள். அவள் கட்டுகிற சிவப்புச் சுளைப் பலா ஒட்டுக்குத் திருச்சூர் வரை ஆள் காத்திருந்தது. அன்று சத்தம் கேட்டு நர்சரியிலிருந்து ஓடிவந்து டிராக்டரின் சாவியைத் திருப்பி நிறுத்தியதும் அவள்தான் என்று போலீசில் எழுதியிருந்தது.

ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, தூக்குவாளியை நீட்டினாள்.

"சாப்பிட்டீங்களாண்ணா? அத்தை உங்களைத் திட்டிட்டே கெடக்கறாங்க. எனக்கு மனசு கேக்கலீங்க."

அந்த வாரத்தில் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியது அவள் ஒருத்திதான். வைத்திருந்த எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினான்.

"நான் அந்தச் சுவிட்சைத் தொடவே இல்ல கண்ணு. மாமா எனக்கு மூணு வாட்டி போன் பண்ணியிருக்கறாரு. எதுக்கு? எந்திரிச்சதும் வண்டி நின்னுருக்கும். அதுக்குத்தான். அப்பறம் எப்படி மெசினு ஓடுச்சு?"

அவள் பேசவில்லை.

"ஆரோ சீட்டுல உக்காந்திருந்திருக்கறாங்க."

ரோட்டில் ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ்ஸும் போனது.

"வேற ஆருகிட்டயாச்சும் சொன்னீங்களாண்ணா?"

"இல்ல. உங்கிட்டத்தான்."

"சொல்லாதீங்க. இன்ஸ்பெக்டரு முன்னாடியே ஓட்டிக் காட்டிப்போடலாம்." போகும்போது திரும்பிப் பார்த்தாள். "கள்ளு எறக்கற வினோ அன்னிக்குக் காலையில அந்தப் பக்கம் திரிஞ்சான்னு சொல்றாங்க. மாமா அவனை மரத்துலருந்து நிறுத்திட்டாருல்ல... எனக்கென்னமோ அவன் மேலதான் சந்தேகம். நான் உங்களை நம்பறேனுங்கண்ணா."

ஒருத்தி நம்புகிறாள். அன்று இரவு கோபிநாத் தூங்கினான்.

*

திங்கட்கிழமை வண்டி இன்ஸ்பெக்டர் பின்சி வந்தார்... ஆட்டோவில்!

கொட்டகையில் ஜோமோன், ஒரு போலீஸ்காரர், கமலாத்தாள், சற்றுத் தள்ளித் தூணைப் பிடித்தபடி யோகப்பிரியா.

கோபிநாத் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். சுவிட்ச் அப்படியே இருக்கிறது. மேடம் ஏறி உட்கார்ந்து, மெஷினைச் சுற்றவிட்டு, எழுந்து பார்க்கட்டும். நின்றுவிடும்.

பின்சி ஏறி உட்கார்ந்தார். சாவி. என்ஜின் பிடித்தது. நெம்புகோலைத் தள்ளினார். பின்னால் காலி மெஷின் சுற்றியது.

எழுந்தார்.

ஓடியது.

இறங்கி நின்றார்.

ஓடிக்கொண்டே இருந்தது!

ஜோமோன் பெருமூச்சு விட்டபடி போலீஸ்காரரிடம் கண்ணைக் காட்டினார். கமலாத்தாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

"கழிஞ்ஞில்லையா? எல்லாம் முடிஞ்ஞு. வா, போகாம்" என்றார் ஜோமோன்.

"சீட்டைக் கழட்டிப் பாக்கணுங்க சார்."

"நீ வெச்ச வேலையை நீயே பார்த்து ரசிக்கணுமா?"

"ஒரே ஒரு வாட்டிங்க."

பின்சி என்ஜினை நிறுத்தினார். ஐந்து நாள் கழித்து வந்த குற்ற உணர்ச்சியோ என்னவோ, ஸ்பேனரை எடுத்து அவரே சீட்டைக் கழற்றினார். அடியில் இரண்டு ஒயர்கள் வெட்டி இணைக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தார்.

கோபிநாத் குனிந்து பார்த்தான்.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். ஜோமோன் வாட்சைப் பார்த்தார். அவன் நிமிரவே இல்லை.

பிறகு கொட்டகையை விட்டு வெளியே நடந்தான். போலீஸ்காரர் பின்னால் ஓடினார். நர்சரி வரிசையிலிருந்து ஒரு பலாக் கன்றைத் தொட்டியோடு தூக்கி வந்து டிராக்டர் மேல் வைத்தான்.

"ஒயரைச் சேக்கறதுன்னா நாங்க தோலைச் சீவி, செம்பை முறுக்கிப் பின்னுவோமுங்க சார். பத்து வயசுலருந்து என்ற கைக்கு அதான் தெரியும். இங்க பாருங்க. ரெண்டு ஒயரையும் சாய்ச்சு வெட்டியிருக்குது, பேனா முள்ளு மாதிரி. வெட்டின மொகத்தோட மொகத்தை ஒட்ட வெச்சிருக்குது. முறுக்கவே இல்ல."

கன்றின் தண்டைக் காட்டினான். இரண்டு தண்டுகள், சாய்த்து வெட்டி, முகத்தோடு முகம். சுற்றியிருந்த நாடா கீழிருந்து மேலே ஏறியிருந்தது, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க. கடைசி முனை கடைசிச் சுற்றுக்கு உள்ளே செருகி இழுக்கப்பட்டிருந்தது.

பின்சி கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். அதுவும் கீழிருந்து மேலே. தானாகவே ஒட்டிக்கொள்கிற டேப். அதன் முனையையும் யாரோ பொறுப்பாக உள்ளே செருகி இழுத்திருந்தார்கள்.

"இது ஒயர் வேலை இல்லீங்க சார். ஒட்டு."

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள்.

கோபிநாத் மட்டும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"உங்கிட்ட மட்டுந்தான சொன்னேன், கண்ணு?"

*

அவள் அழவில்லை. மறுக்கவும் இல்லை. ஜோமோன் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

அந்தச் சிவப்புச் சுளைப் பலா ஒரே ஒரு மரம். அவள் ஒட்டுக்கெல்லாம் தாய்மரம். அதிலிருந்து கொழுந்துக் குச்சி எடுத்தால்தான் அடுத்த கன்று. ஞாயிற்றுக்கிழமை அவள் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மரம் இல்லை. புது டிராக்டர் திரும்புவதற்கு அந்த இடம் வேண்டும் என்று சென்னிமலை அடியோடு வெட்டியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கிளைகளை மெஷினில் விட ஆரம்பித்தார். எழுந்தார், வண்டி நின்றது. கோபிநாத்துக்கு மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை. நர்சரிப் பக்கம் திரும்பி அவளைக் கூப்பிட்டார். சும்மாதானே நிற்கிறாய், வந்து சீட்டில் உட்கார் என்றார்.

"உக்காந்தேனுங்க. என்ற மரத்தை ஒவ்வொரு கொம்பா உள்ள விட்டாரு. நான் திரும்பிப் பாத்துட்டே இருந்தேன். துண்டு மாட்டுச்சு. எந்திரி, எந்திரின்னு கத்துனாரு."

"அப்போ தெரியுமோ? எழுந்தா நிக்கும்னு?" என்று ஜோமோன் கேட்டார்.

"தெரியுமுங்க. அதுக்குத்தான அவரு என்னை உக்கார வெச்சதே."

"பின்னே?"

தூணிலிருந்து கையை எடுத்தாள்.

"எந்திரிக்கல."

ஜோமோன் தொப்பியைக் கழற்றினார். வெட்டவில்லை, குத்தவில்லை, தள்ளவில்லை. உட்கார்ந்திருந்தாள். இதை எந்தப் பிரிவில் எழுதுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கோபிநாத்தின் தோளில் கை வைத்தார்.

"உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனா கோபிநாத்தே... நீ அன்னிக்கு அறுத்திருந்தா, அந்தப் பெண்ணு சீட்டில் உக்காந்திருக்காது."

ஒரு வாரமாக அதைத்தான் கோபிநாத் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தான், வேறு வார்த்தைகளில்.

*

பிறகு நடந்தது இவ்வளவுதான்.

யோகப்பிரியா மேல் கொலை வழக்கு. பாலக்காட்டுக் கோர்ட்டில் இன்னும் நடக்கிறது. உட்கார்ந்திருப்பது கொலையா என்று இரண்டு வக்கீல்களும் நின்றுகொண்டு வாதாடுகிறார்கள். மஸ்கட்டிலிருந்து வந்த புருஷன் பதினைந்தே நாளில் திரும்பிப் போய்விட்டான். வினோ மறுபடி அந்தத் தோட்டத்திலேயே கள் இறக்குகிறான். தன்மேல் மூன்று நாள் சந்தேகம் இருந்தது அவனுக்கு இன்றுவரை தெரியாது. பின்சிக்கு மாற்றல் ஆனது, ஜீப் வருவதற்கு முன்பே. வெட்டிய பலாவின் அடிமரத்தில் துளிர் விட்டது. கமலாத்தாள் அதை ஒடிக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை.

கோபிநாத் பட்டறையைத் திறந்துவிட்டான். சீட் சுவிட்ச் அறுக்கச் சொல்லி யார் வந்தாலும் எதிர்க்கடையைக் கை காட்டுகிறான். அமிர்தநாதன் அங்கிருந்து கிளாசைத் தூக்கிக் காட்டுவார். போன் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறான், ராங் நம்பராக இருந்தாலும்.

டிராக்டர் ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கிறது. சீட் கோர்ட்டில் இருக்கிறது.

எஸ்.ஐ. ஜோமோனுக்கு மட்டும் ஒரு புதுப் பழக்கம். ஸ்டேஷனில் யார் சத்தம் போட்டாலும் முதலில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுகிறார்... எதற்கு என்று அப்புறம்தான் கேட்கிறார்!