அம்பாரோ ஒளித்து வைத்த உப்பு

"அண்ணி! என் பகூங் ஜாடி எங்கே?"

அடுப்பில் பூண்டு சிவந்து கொண்டிருந்தது. அம்பாரோ திரும்பவில்லை. நேற்றைய சோற்றை வாணலியில் கொட்டி, கரண்டியால் கட்டிகளை உடைத்தாள்.

"மேல் அலமாரில இருக்கு, லியோனோர்."

"மேல் அலமாரியா? போன வாரம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால கெடந்துச்சு. அதுக்கு முன்னால செருப்புப் பெட்டிக்குள்ள! அந்த ஜாடி என்ன பாவம் பண்ணுச்சு அண்ணி, இப்படி எடம் எடமா அலைய?"

லியோனோர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஜாடியை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஊரிலிருந்து துணி சுற்றி வந்த ஜாடி. இறாலை உப்பில் ஊறப்போட்டு, பல மாதம் பொறுத்திருந்து எடுத்த விழுது. அதன் மூடியைத் திறந்தாலே லியோனோருக்குத் தான் பிறந்த பங்காசினான் கடற்கரை கண்ணில் வந்து நிற்கும். அம்பாரோவுக்கோ அதை அடுத்து எங்கே ஒளிப்பது என்று தோன்றும்.

மாடியிலிருந்து அம்பாரோவின் கணவர் கிரிசாந்தோ இறங்கி வந்தார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கியது. அம்பாரோ தட்டை வைத்தாள். பூண்டுச் சோறு, முட்டை, வெள்ளரித் துண்டு. லியோனோர் அண்ணனின் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"தூ... இது சோறா? முதியோர் இல்லத்துல பல்லில்லாத கிழங்களுக்கு நான் ஊட்டுற கூழே இதவிட ருசியா இருக்கும்! அண்ணே, உப்பு விளையுற மண்ணுல பொறந்தவர் நீங்க. உங்களுக்கா இந்தத் தண்டனை?"

"சாப்பிடும்மா. பழகிடுச்சு எனக்கு," என்றார் அவர்.

"பழக்கிட்டாங்கன்னு சொல்லுங்க! அண்ணி இலோய்லோக்காரங்க. அந்த ஊர்ல இனிக்க இனிக்கப் பேசத்தான் தெரியும், ஆக்கிப்போடத் தெரியாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. "அமெரிக்கா வந்து இத்தனை வருஷம் எங்களையெல்லாம் தூக்கி நிறுத்துன மனுஷன்... அவருக்கு ஒரு கருவாட்டுத் துண்டு கெடையாது. பாருங்க எப்படி வாடிட்டார்! காலு வேற வீங்கிக் கெடக்கு."

தைல சீசாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அண்ணனின் காலை மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். "வேலை செஞ்ச சூட்டோட பச்சத் தண்ணில கால் வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றேன்? நரம்பெல்லாம் குளிர்ந்துபோய்த்தான் இப்படி ஊதுது."

கிரிசாந்தோ மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அம்பாரோ பல்லைக் கடித்துக்கொண்டு வாணலியைத் தேய்த்தாள்.

*

அது தண்ணீரில் கால் வைத்ததால் வந்த வீக்கம் இல்லை.

கிரிசாந்தோவின் இரண்டு சிறுநீரகங்களும் முக்கால்வாசி செத்துப்போயிருந்தன. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கிய காலத்திலேயே ரத்தக் கொதிப்பு இருந்தது. தலை சுற்றினால் ஒரு மாத்திரை போடுவார், சரியானதும் விட்டுவிடுவார். நன்றாக இருக்கும் மனுஷன் எதற்கு மாத்திரை தின்ன வேண்டும் என்பது அவர் கட்சி. டாக்டர் எதைக் கேட்டாலும் சிரித்தபடி தலையாட்டுவார். எதிர்த்துக் கேட்டால் மரியாதைக் குறைவு, புரியவில்லை என்றால் வெட்கக்கேடு. அப்படித் தலையாட்டித் தலையாட்டியே இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

"உப்பு கூடவே கூடாது," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கொஞ்ச மாதத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் தேவைப்படும். அதைவிட நல்லது, கூடப்பிறந்தவர் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுப்பது. குடும்பத்தில் சொல்லிவிட்டீர்களா?"

"சொல்லிட்டேன் டாக்டர்," என்றார் கிரிசாந்தோ, அதே சிரிப்போடு.

வீட்டுக்கு வந்ததும் அம்பாரோவின் கையைப் பிடித்து இழுத்துப் போய், கூடத்தில் சிவப்பு அங்கியோடு நின்ற குழந்தை ஏசு சிலையின் காலில் வைத்தார்.

"சத்தியம் பண்ணு. லியோனோருக்கோ தம்பி தியோனிசியோவுக்கோ இது தெரியக்கூடாது."

"ஏங்க... அவங்க உங்க ரத்தம்..."

"அதனாலதான்! நான்தான் அவங்கள இந்த நாட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். இப்ப போய் எனக்குக் கிட்னி செத்துப்போச்சுன்னு சொன்னா என்ன அர்த்தம்? செஞ்சதுக்குப் பதில் செய்யுங்கடான்னு அர்த்தம். அவங்களால முடியாதுன்னு சொல்ல முடியுமா? மூஞ்சியில எப்படி முழிப்பாங்க? வேண்டாம் அம்பாரோ. அவங்க உடம்பு அவங்க பிள்ளைங்களுக்கு வேணும்."

அவள் சத்தியம் செய்தாள். தன் சிறுநீரகத்தையே கொடுக்க ஓடினாள். ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதென்று மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது யாருக்கும் தெரியாது.

அதன்பிறகு அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வீட்டிலுள்ள உப்பையெல்லாம் ஒளித்தாள். மீன் சாற்றுப் புட்டியை, கருவாட்டை, பகூங் ஜாடியை. பூண்டு, இஞ்சி, வினிகர் என்று எதை எதையோ கூட்டிப்போட்டு உப்பில்லாத குறையை மறைத்தாள். "கஞ்சம்" என்றார்கள், "திமிர்" என்றார்கள். வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமைதோறும் கணவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக, வீட்டில் சந்தேகம் வராதபடி இவள் தனியாகக் கிளம்பி பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்; பஸ் வரும்வரை அவர் தெருமுனையில் மறைவாகக் காத்திருப்பார். சூதாட்ட விடுதிக்குப் போகும் பஸ்ஸும் அங்கேதான் நிற்கும். அடுத்த தெரு கோரிங் வாராவாரம் அதில் ஏறுகிறவள். அவள் கண்ணில் அம்பாரோ பட்டதுதான் தாமதம், அவள் சூதாடப் போகிறாள் என்ற சேதி வீட்டுக்கு வந்துவிட்டது.

அதையும் அம்பாரோ வாங்கிக்கொண்டாள்.

ஆனால் போன மாதம் ஒரு ஞானஸ்நான விருந்தில் கிரிசாந்தோ தங்கை மனம் கோணக்கூடாதென்று மூன்று தட்டு சாப்பிட்டார். மறுநாள் படுக்க முடியவில்லை, நுரையீரலில் நீர் ஏறிவிட்டது. மருத்துவமனையிலிருந்து, "ஜெபக் கூட்டத்துல இருக்கோம்" என்று வீட்டுக்குப் போன் செய்து பொய் சொன்னாள் அம்பாரோ. "இன்னொரு தடவை இப்படியானால் இதயமே நின்றுவிடலாம்," என்றார் டாக்டர். அதற்கும் கிரிசாந்தோ சிரித்தபடி தலையாட்டினார்.

*

ஞாயிற்றுக்கிழமை கிரிசாந்தோவுக்கு அறுபது வயது.

காரை வெளியே தள்ளிவிட்டு, காரேஜுக்குள் மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தான் தம்பி தியோனிசியோ. பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. உள்ளே சொந்தக்காரர்களும் கோயில்காரர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். மூலையில் கரோக்கே மெஷின் முன்னால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு காதல் பாட்டைக் கொன்று கொண்டிருந்தார்கள். நடு மேசையில் முழுப் பன்றி வறுவல் பளபளத்தது.

விடிந்ததிலிருந்து லியோனோர் யாரையும் அடுப்பங்கரைக்குள் விடவில்லை. அண்ணனுக்குப் பிடித்த மாட்டுவால் குழம்பை நிலக்கடலை அரைத்துவிட்டுச் செய்திருந்தாள். தட்டு நிறைய ஊற்றி, பக்கத்தில் பகூங்கைக் குவித்து, இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள்.

"எல்லாரும் பாருங்க! இன்னைக்காவது எங்க அண்ணன் நாக்கு உப்பப் பாக்கட்டும். அண்ணி, ஒரு நாளைக்குக் கண்ண மூடிக்கோங்க. வேணும்னா அந்தச் சூதாட்ட பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டு வாங்க!"

சிரிப்பு எழுந்தது. கோரிங் அன்று வரவில்லை; ஆனால் அவள் பரப்பிய சேதி எல்லோருக்கும் எட்டியிருந்தது.

அம்பாரோ கணவரின் காதருகே குனிந்தாள். "வேண்டாங்க..."

"ஒரே ஒரு கரண்டி. அவ மனசு நோகும்," என்று முணுமுணுத்துவிட்டு அவர் கரண்டியை எடுத்தார். கரண்டி பகூங்கைத் தொட்டது. தங்கையைப் பார்த்துச் சிரித்தார்...

அதே சிரிப்பு! டாக்டரிடம் தலையாட்டிய அதே சிரிப்பு!

அம்பாரோ தட்டைப் பிடுங்கினாள்.

குழம்பு மேசை விரிப்பில் சிந்தி ஓடியது. கரோக்கே பாடியவர் வாயை மூடிக்கொண்டார். பாட்டு மட்டும் ஆளில்லாமல் ஓடியது.

"தட்டயா புடுங்குற?" லியோனோரின் முகம் ரத்தமாகச் சிவந்தது. மரியாதை காற்றில் போயிற்று. "பொறந்தநாள் அதுவுமா, எங்க அண்ணன் கையில இருக்குற சோத்தப் புடுங்குறியா? பொம்பளையா நீ?"

"ஆமா, புடுங்கினேன். நாளைக்கும் புடுங்குவேன்!"

"அம்பாரோ!" கிரிசாந்தோ எழ முயன்றார். "சத்தியம்... சத்தியம் பண்ணியிருக்க..."

"பண்ணினேன். குழந்தை ஏசுகிட்ட நான் பேசிக்கறேன். அவருக்கும் ஒரு அம்மா இருந்தாளே, பொம்பள வலி அவருக்குத் தெரியும்." அவள் குரல் தாழவில்லை. "எல்லாரும் கேளுங்க. இவருக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. இந்தத் தட்டு இவருக்கு வெஷம். நான் கஞ்சம் புடிச்சு உப்ப ஒளிக்கல, லியோனோர். உங்க அண்ணன் உசுர ஒளிச்சு வச்சேன்! வியாழக்கிழமை நான் சூதாடப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போறேன், இவரக் கூட்டிக்கிட்டு. போன மாசம் ஜெபக் கூட்டம்னு சொன்னேனே... அன்னைக்கு இவருக்கு மூச்சே நின்னிருக்கும்!"

பாட்டு முடிந்து, மெஷின் தன்பாட்டுக்கு எக்காளம் ஊதி, யாரும் பாடாத பாட்டுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டது. தியோனிசியோ போய் மின்கம்பியைப் பிடுங்கினான்.

"எங்கிட்ட சொல்லல..." லியோனோர் அண்ணனின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவகிட்ட சொல்லல. நான் என்ன அன்னியமா அண்ணே? ஒரே வீட்டுலதான இருக்கேன்?"

"சொன்னா நீ உன் கிட்னியக் கொடுக்கறேம்ப," என்றார் கிரிசாந்தோ தலை குனிந்தபடி. "கூட்டிட்டு வந்ததுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடும்மா."

அம்பாரோ கணவரின் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் பத்துப் பேர் முன்னால் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"நீங்க மட்டும் ஆயுசு பூரா கொடுத்துக்கிட்டே இருக்கணும். அவங்க ஒரு தடவகூடக் கொடுத்துடக் கூடாது. இது பாசமில்லங்க... வீம்பு! அவங்க கொடுக்கணும்னு நான் கேக்கல. கொடுக்கலாமா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். முடியாதுன்னாலும் இது அவங்க வீடுதான். ஆனா உங்க வெக்கத்துக்காக நான் விதவையா நிக்க மாட்டேன். நிக்கவே மாட்டேன்!"

லியோனோர் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அண்ணனின் காலுறையைக் கீழே இறக்கினாள். முதியோர் இல்லத்தில் தினமும் செய்கிறாளே, அதைப் போலக் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

அவள் அந்தக் குழியையே பார்த்தாள்.

"அங்க ஒரு கிழவி காலு இப்படி இருந்தா அடுத்த நிமிஷம் டாக்டரக் கூப்பிட்டிருப்பேன் அண்ணி," என்றாள். "ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் பிரஷர் பாக்கறேன்... எங்க அண்ணனுக்குத் தைலம் தேய்ச்சேன்! தெனம் இந்தக் காலத் தொட்டேன், எனக்குத் தெரியலியே... உங்கள என்னென்ன சொன்னேன்! அடிங்க அண்ணி, என் கன்னத்துல அடிங்க!"

அம்பாரோவின் கையைப் பற்றித் தன் கன்னத்தில் அறைந்துகொள்ளப் போனாள். அம்பாரோ கையை விடுவித்துக்கொண்டாள்.

"அடிச்சா உப்பு கொறையுமா? எந்திரி." அவளைத் தூக்கி நிறுத்தினாள். "நீ சொன்னதெல்லாம் எனக்கு வலிச்சுது லியோனோர். வலிக்கலன்னு சொல்ல மாட்டேன்."

"வலிச்சிருக்கும் அண்ணி..."

"வாடி இங்க."

லியோனோர் அவள் தோளில் விழுந்து கதறினாள். அம்பாரோவும் அப்போதுதான் அழுதாள். குழாய்ச் சத்தத்தின் துணையில்லாமல், ஊரறிய, வாய்விட்டு அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், தான் காலையிலேயே கணவருக்கென்று செய்து மூடி வைத்திருந்த கோழியை எடுத்து வந்தாள். இஞ்சியும் வினிகரும் மணத்தன. லியோனோர் தனக்கும் ஒரு தட்டு நீட்டினாள். ஒரு வாய் மென்றாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் தியோனிசியோ.

"படு மோசம்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி."

கிரிசாந்தோவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சிரிப்பு வேறு.

*

வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நால்வரும் நின்றார்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டுமென்று லியோனோரும் தியோனிசியோவும் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். பொருந்துமா, பொருந்தாதா, டாக்டர்கள் என்ன சொல்வார்கள்... ஒன்றும் தெரியாது. கிரிசாந்தோ தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, ஓரமாக நின்றார்.

"தெரிஞ்சவங்க யாராவது பாக்கப் போறாங்க அம்பாரோ."

"பாக்கட்டும்."

சூதாட்ட விடுதி பஸ் முதலில் வந்தது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள் கோரிங். "என்ன லியோனோர், குடும்பத்தோட கெளம்பிட்டீங்க? ஏறுங்க, எடம் இருக்கு!"

லியோனோர் அண்ணியின் கையைக் கோத்துக்கொண்டாள். குரலை உயர்த்தி, அந்தத் தெருவே கேட்கும்படி சொன்னாள்:

"இல்ல கோரிங்! நாங்க எங்க அண்ணிகூடக் கிட்னி ஆஸ்பத்திரிக்குப் போறோம். எங்க அண்ணனுக்குக் கிட்னி போயிடுச்சு! போற வழியில எல்லார்கிட்டயும் சொல்லிடு... ஒருத்தர் விடாம!"

கோரிங் என்ன நினைத்தாளோ, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"லியோனோர்... எங்க வீட்டுக்காரருக்கும் கால் வீங்குது. தண்ணில கால் வச்சதாலன்னு சொல்றாரு... அது... கிட்னியா இருக்குமோ?"

லியோனோர் அம்பாரோவைப் பார்த்தாள்.

"அடுத்த வியாழக்கிழமை அவரையும் கூட்டிட்டு வா," என்றாள் அம்பாரோ. "இதே எடம். இந்த பஸ் இல்ல, அடுத்தது."

பனிமூட்டத்துக்குள் அடுத்த பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. கிரிசாந்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார்.