நாலு பத்துக்கு வந்தவன்

மகாராணி வந்து கதவைத் தட்டியபோது பிற்பகல் மூன்று மணி. குடை இல்லை. தலைமுடியில் சாரல் பொடிப்பொடியாக நின்றது.

"அக்கா, எங்கள வெளியேத்துறாங்க. ஆறு மணிக்குள்ள லயத்து வீட்டக் காலி பண்ணணுமாம். இல்லாட்டி போலீஸாம். நான் தீ வைக்கலக்கா."

"உள்ள வாம்மா. முதல்ல உக்காரு," என்றார் ஜோதிமணி.

நில அளவை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். கொடைக்கானலில் ஏதாவது காணாமல் போனாலும், யார்மீதாவது பழி விழுந்தாலும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். செல்லப்பாண்டிக்குப் பூண்டியிலிருந்து ஜீப்பில் பூண்டு மூட்டை ஏற்றுவதுதான் தொழில். ஆனால் துப்பறியும் ஆசையில் பாதி நாள் ஜோதிமணியின் வாசலிலேயே கிடப்பான். இப்போதும் கறுப்பு மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு காதைத் தீட்டி நின்றான்.

மகாராணியும் அவள் கணவன் சுரேந்திரனும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் பிறந்தவர்கள். பூண்டி சாலையில் தனசேகர் நடத்தும் விருந்தினர் விடுதியில் இருவருக்கும் வேலை. விடுதிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் லயத்து அறைகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். பூச்செடி வளர்க்கும் கண்ணாடி அறை ஒன்று விடுதியில் உண்டு. கூரையும் கண்ணாடிதான். நேற்று மாலை, பூட்டிய அந்த அறைக்குள் தீப்பிடித்தது.

"எத்தனை மணிக்கு?"

"மணி பாக்கலக்கா. பூண்டி பஸ் வளைவுல ஹாரன் அடிச்சிச்சு. அப்பதான் பொகை நாத்தம். சாவிய எடுத்து ஓடித் தொறந்து, பக்கெட்டுத் தண்ணிய ஊத்துனேன்."

"அந்த வளைவுக்கு பஸ் நாலு பத்துக்கு வரும்," என்றான் செல்லப்பாண்டி. "நேத்து நானே பின்னாடி வந்தேன். ஒரு நிமிஷம்கூட லேட் இல்ல."

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு ஐயாகிட்ட. அவுரு நேத்து வெள்ளனே ஒட்டன்சத்திரம் போயிட்டாரு. இன்னொண்ணு..." மகாராணி தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கிட்டதான். கதவுக்கு வெளியில எங்க வீட்டுக்காரரு குடிச்சிப்போட்ட பீடித்துண்டு வேற கெடந்துச்சு."

செல்லப்பாண்டி ஜோதிமணியின் காதருகே குனிந்தான். "அக்கா, கேஸ் நமக்கு எதிராத்தான் கெடக்கு."

"கேஸ் இன்னும் அந்த ரூம்லதான் கெடக்கு. வண்டிய எடு."

தனசேகர் வாசலிலேயே எதிர்கொண்டார். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அதன் இடது பை எதையோ அடைத்துவைத்தது போலப் புடைத்திருந்தது.

"மூணு நாளா இந்த ஸ்வெட்டரக்கூட மாத்தலைங்க, அவ்வளவு டென்ஷன். எட்டு வருஷமா இவங்கள நம்பி வீட்டையே விட்டேன். போலீஸ் வந்தா பார்க்கட்டும்னு ரூம்ல ஒண்ணையும் தொடாம வச்சிருக்கேன்."

கண்ணாடி அறையின் நடுவில், முக்காலிமேல் ஒரு தொலைநோக்கி மேற்கு வானத்தை நோக்கிச் சாய்ந்து நின்றது. கண் வைக்கும் கீழ்முனையில் ஒரு கறுப்புத் துணி தொங்கியது. அதன் நடுவில் ஒரு வட்ட ஓட்டை; சுற்றிலும் பாதித் துணி கருகியிருந்தது. அடியில் இருந்த பிரம்பு நாற்காலியின் மெத்தை கரிக்கட்டையாகிக் கிடந்தது.

செல்லப்பாண்டி துணியை விலக்கி உள்ளே பார்க்கப் போனான்.

"கண்ண வைக்காத பாண்டி! தொடவும் தொடாத." ஜோதிமணி அவ்வளவு சத்தமாகப் பேசி அவன் கேட்டதில்லை. அவர் தனசேகர் பக்கம் திரும்பினார். "இத எப்ப மாட்டுனீங்க?"

கோபத்தையும் மீறி தனசேகர் முகத்தில் பெருமை வந்தது. "முந்தாநாள், எட்டாம் தேதி. வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போச்சே, அதுக்காகவே புதுசா வாங்கினது. வெளியில காத்து ஜாஸ்தி, அதான் இங்கே. புக் பார்த்து நானே செட் பண்ணேன். முதல்ல எதிர் எடை, அப்புறம் டியூப். நம்ம ஊர் லாட்டிட்யூட் பத்து டிகிரி, அந்தச் சாய்வு வச்சு, காம்பஸ் பார்த்து வடக்கே திருப்பினேன். அப்புறம் ஒரே ஒரு திருகுதான். அதைத் திருப்பினா சூரியன் போற பாதையிலேயே டியூப்பும் போகும். வெள்ளை அட்டையில பிம்பத்தை விழ வச்சு கெஸ்ட் எல்லாருக்கும் காட்டினேன்."

"குழாயோட தண்டுல இருக்கிற இந்த மணி வளையம்?"

"சூரியன் உச்சியில இருந்தப்போ பூஜ்யத்துல வச்சேன். அங்கேர்ந்து எத்தனை மணி நேரம் திருப்பியிருக்கோம்னு அது காட்டும்."

"கடைசியா எப்ப திருப்புனீங்க?"

"மணி பார்க்கலை. பள்ளத்துலேர்ந்து மஞ்சு ஏறி சூரியனை மறைச்சிடுச்சு. வெள்ளி வெளியேறுறதைப் பார்க்க முடியாம கெஸ்ட்டெல்லாம் டல்லாகிட்டாங்க. திருகை இறுக்கிட்டு, தூசி படாம இருக்க துணியைப் போட்டுட்டுப் பூட்டினேன். அதுக்கப்புறம் நான் திறக்கவே இல்லை."

ஜோதிமணி முழங்காலிட்டுத் துணியைப் பார்த்தார். பிறகு வளையத்தைப் படித்தார்.

"மூணு மணி அம்பது நிமிஷம். பாண்டி, நம்ம மலையில சூரியன் உச்சிக்கு வர்றது பன்னெண்டு இருபதுக்கு. கூட்டிச் சொல்லு."

செல்லப்பாண்டி விரல் விட்டான். பாதியில் விரல்கள் நின்றன. "நாலு... நாலு பத்து! பூண்டி பஸ்!"

"இப்ப மணி என்ன?"

"மூணே முக்கால்."

"சார், சுரேந்திரனைக் கூப்பிடுங்க. நேத்து உள்ள வந்தவன் இன்னைக்கும் வருவான். நாம காத்திருப்போம்."

சுரேந்திரன் மூட்டை கட்டும் கயிறு கையில் இருக்க அப்படியே வந்து நின்றான். மகாராணி அவனருகே போனாள். ஜோதிமணி கருகிய துணியை மெதுவாக எடுத்துவிட்டு, செல்லப்பாண்டியிடம் கை நீட்டினார்.

"மப்ளர்."

"அக்கா, இது பழனியில வாங்குனது."

"குடுடா."

மப்ளர் கீழ்முனையை ஒட்டித் தொங்கியது. நான்கு மணிக்கு வானம் வெளுத்துக் கிடந்தது. பள்ளத்திலிருந்து மஞ்சு எழும்பி வேலியைத் தொட்டது. நாலு ஐந்து. கண்ணாடிக் கூரையில் ஒளியே இல்லை.

"யாருமே வரலியே," என்றார் தனசேகர். "ஆறு மணிக்கு நான் சொன்னது சொன்னதுதான்."

மகாராணி சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். ஜோதிமணி வானத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

வளைவில் பூண்டி பஸ் ஹாரன் அடித்தது.

மஞ்சு கிழிந்தது. வெயில் கூரை வழியாகச் சாய்வாக இறங்கியது. தரையில் விழுந்த குழாயின் நிழல் சுருங்கிச் சுருங்கி ஒரு வட்டமாயிற்று. யாரும் எதையும் தொடவில்லை. மப்ளரின் நடுவில் ஊசிமுனையாக ஒரு புகை கிளம்பியது. அடுத்த கணம் அங்கே மிளகளவு ஓட்டை.

"ஐயோ, என் மப்ளர்!"

ஜோதிமணி அதைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளை அட்டையைத் தள்ளிப் பிடித்தார். சூரியன் முழு வட்டமாக அதில் விழுந்து, மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்தது.

"சாவி இல்லாம உள்ள வந்தவன் இவன்தான்," என்றார். "நீங்க திருகை இறுக்குனப்ப மணி நாலு பத்து. ரெண்டு மூணு நாள்ல சூரியன் பாதை அவ்வளவா மாறாது. அதனால நேத்து அதே நேரத்துக்கு, யாரும் திருப்பாமலே, குழாய்க்குள்ள வந்துட்டான். பீடி பட்டிருந்தா துணி ஓரத்துல பத்தியிருக்கும். இது சரியா கண் வைக்கிற எடத்துக்கு நேரா, வட்டமா எரிஞ்சிருக்கு. தீப்பொறி மெத்தையில விழுந்துச்சு. இந்தப் பொண்ணு ஓடி வரலேன்னா வீடே போயிருக்கும்."

தனசேகர் கருகிய துணியைக் கையில் எடுத்தார். "நான்தான் மூடிட்டுப் போனேனே?"

"பின்பக்கத்த மூடுனீங்க. முன்பக்கத்த யாரு மூடுறது? அதுக்குன்னு ஒரு மூடி வந்திருக்குமே?"

"மூடியா? அது..." அவர் கை தானாகவே இடது பைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு மூடி அதில் இருந்தது. "பத்திரமா இருக்கட்டும்னு முந்தாநாள் பையில போட்டேன்."

செல்லப்பாண்டி சிரிப்பை அடக்க இருமினான். சுரேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, மூச்சை நீளமாக விட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மகாராணி," என்றார் தனசேகர். "தப்பு என்னோடதும்மா. எங்கேயும் போகாதீங்க. சுரேந்திரா, நீயும்தான்."

"அந்த மூடியக் குடுங்கய்யா," என்றாள் மகாராணி.

வாங்கி, ஜோதிமணி காட்டியபடி முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு, குழாயின் வாயில் அழுத்தினாள். அட்டையில் இருந்த சூரியன் அணைந்தது.

"இனி இத நானே மூடிட்டுத்தான் ரூமப் பூட்டுவேன்," என்று சொல்லி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "எந்திரிங்க. அரிசி மூட்டைய வெரசா அவுருங்க. உலை வைக்கணும், அக்காவும் சாப்பிட்டுத்தான் போவாங்க."

செல்லப்பாண்டி வாளியிலிருந்து மப்ளரைப் பிழிந்து எடுத்து, ஓட்டை வழியாக ஜோதிமணியைப் பார்த்தான்.

"அக்கா, எனக்கும் சேத்துத்தான் சொன்னாங்களா?"